டத்தோ வந்ததால் நின்றுபோன சண்டை

எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஒரு தம்பதி சண்டை போடுவார்கள். ஒன்பதாம் மாடிக்காரர்கள். நான் பன்னிரண்டிலிருந்து இறங்கி வரும்போது ஒன்பதில் கதவு திறக்கும். ஏற்கெனவே பாதியில் இருக்கும் சண்டையோடு இருவரும் உள்ளே வருவார்கள். தமிழில் தொடங்கியது ஆங்கிலத்துக்குப் போகும், குத்த வேண்டிய இடம் வந்ததும் மலாய்க்குத் தாவும். நடுவில் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாப்டாச்சா அக்கா?" என்பாள். "ஆச்சும்மா" என்பேன். "ஓகே லா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணவனைப் பிடித்துக்கொள்வாள். கீழ்த்தளம் வந்ததும் அந்த ஆள் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், முகம் மட்டும் மனைவி பக்கம் முறைத்தபடி இருக்கும். மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு வியர்த்துக் கொட்டும். இன்றோடு இந்தக் குடும்பம் முடிந்தது என்று நினைப்பேன். மாலையில் பார்த்தால் இருவரும் ஒரே பொட்டலத்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பகிர்ந்து தின்றுகொண்டு மேலே ஏறுவார்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். திருச்சி உறையூரில் நான் பார்த்து வளர்ந்த சண்டைக்குச் சத்தமே கிடையாது. அப்பாவும் அம்மாவும் கோபமாக இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள், என் வழியாகப் பேசுவார்கள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். "உங்கப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார் அம்மா. கேட்பதற்குள், "போதும்னு சொல்லு உங்கம்மாகிட்ட" என்பார் அப்பா. நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, நடுவில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் சண்டை மாலைவரை எனக்காகக் காத்திருக்கும். கல்யாணமாகி நான் கிளம்பியபோது அம்மா அழுததில் பாதி, இனி யார் வழியாகச் சண்டை போடுவது என்கிற கவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நானும் என் கணவர் ரகுவும் படித்தவர்கள், முன்னேறியவர்கள். பிள்ளையைத் தூது அனுப்பும் கெட்ட பழக்கமெல்லாம் எங்களிடம் இல்லை. நாங்கள் வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்வோம். அவர் வரவேற்பறையில் இருப்பார், நான் சமையலறையில் இருப்பேன், 'சாப்பாடு ரெடி' என்று நான் தட்டினால் நீல டிக் விழும். சைபர்ஜெயாவில் கணினி வேலை அவருக்கு. அவரை ஒட்டி வந்த விசாவில் நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வந்து ஏழு வருடம் ஆகிறது. இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்த மகள் மகிக்கு இப்போது ஒன்பது வயது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'லா' போட்டுத்தான் முற்றுப்புள்ளி வைப்பாள்.

எல்லாம் இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரகுவுக்குச் சென்னைக் கிளையில் பெரிய பதவி என்று அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வருகிறாயா இல்லையா என்று மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும். சென்னை என்றால் வாராவாரம் திருச்சி. "மகிக்காகப் போயிடலாம், சொந்தபந்தம் தெரியாம வளருது" என்று எழுதினார் அவர். "மகிக்காக இருந்துடலாம், நல்லாப் படிக்கிற பிள்ளையப் பிடுங்கி நடாதீங்க" என்று பதில் எழுதினேன் நான். நீல டிக் விழுந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் 'பால் வாங்கிட்டு வாங்க' தவிர வேறு இலக்கியம் எதையும் நாங்கள் படைக்கவில்லை. போவதா இருப்பதா என்கிற கேள்வி மட்டும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது.

இந்த லட்சணத்தில்தான் நான் நடிகையானேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் ஒரு முழம் மல்லிகைக்காக உரக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா பேரம் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, ஒங்க கொரலு கடைசி வரிசை வரைக்கும் போவும். நாடகத்துல நடிக்கிறீங்களா?" என்றார். அவர்தான் மங்களம் அக்கா. கிள்ளானில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா வேலை. மணவிலக்கு வழக்குகளையெல்லாம் தட்டச்சு செய்து செய்து, அதையே நாடகமாக எழுதிவிட்டார். பெயர், 'சாப்பாடு மேசையில இருக்கு'. இந்தக் காலத்துப் புருஷன் பெண்டாட்டி ஒரு நாளில் பேசிக்கொள்ளும் ஒரே வாக்கியம் அதுதான் என்பது அக்காவின் ஆராய்ச்சி முடிவு. கதையும் சின்னதுதான். ஆளுக்கொரு கைப்பேசி, நடுவில் ஒரு பிள்ளை. கடைசியில் கணவன் கோபித்துக்கொண்டு பெட்டியோடு சுங்கை பூலோவில் இருக்கும் தன் தாய்வீட்டுக்குக் கிளம்புகிறான். மனைவி தாய்வீட்டுக்குப் போகும் கதைகளையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஒரு காட்சிக்காகவே நடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஞாயிறு மதியம் ஒத்திகை, கிள்ளானில் ஒரு டியூஷன் நிலையத்து மாடியில். இரண்டு மணி என்றார்களே என்று முதல் வாரம் இரண்டுக்கே போய் நின்றேன். பூட்டிய கதவு, ஒரு பூனை, நான். மூன்றரைக்கு ஒவ்வொருவராக வந்து, என்னைப் பார்த்துப் பதறி, "ஐயோ, ஏன் இவ்ளோ சீக்கிரம்? யாரும் சொல்லலையா?" என்று எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பிறகுதான் நாடகம். என் வசனத்தைக் கேட்டு அக்கா உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா டிவி சீரியல்ல பேசுற மாதிரியே இருக்கு. கோவத்த இவ்ளோ நீட்டக் கூடாதுலா. சொல்லிட்டு விட்டுரணும்." ஊரில் என் கோபம் மூன்று நாள் ஊறி, நான்காம் நாள்தான் பரிமாறப்படும். அதை ஒரே மூச்சில் இறக்கி வைக்க எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். லிஃப்ட் தம்பதியை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் பிடிபட்டது.

எனக்குக் கணவனாக நடித்தவர் குணா அண்ணன். போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி மேற்பார்வையாளர். இடி மாதிரி குரல், பஞ்சு மாதிரி மனசு. கடைசிக் காட்சியில் மனைவியிடம் அவர் மன்னிப்புக் கேட்கும்போது எனக்கே மன்னித்துவிடத் தோன்றும். அதுவே வினையாகிவிட்டது. ஒருநாள் அவர் மனைவி லெச்சுமி அக்கா கறிபஃப் பொரித்து எடுத்துக்கொண்டு ஒத்திகை பார்க்க வந்தார். மன்னிப்புக் காட்சி முடிந்ததும் கறிபஃப் டப்பாவை மூடினார். "இருவத்திரெண்டு வருசத்துல எங்கிட்ட ஒரு தடவ இப்படிக் கேட்டிருக்கியா? இவ்ளோ அழகா கேக்கத் தெரிஞ்சும் கேக்கல இல்ல?" என்றார். மறுவாரம் குணா அண்ணன் மங்களம் அக்காவுக்குப் போன் செய்து, "ஒன்னு மேடையில கேக்கலாம், இல்ல வூட்ல கேக்கலாம். ரெண்டுலயும் கேக்க முடியாது அக்கா" என்று சொல்லி விலகிவிட்டார். நாடகத்துக்கு இன்னும் பத்தே நாள்.

அப்போது மங்களம் அக்காவின் பார்வை, மூலையில் காத்துக்கொண்டிருந்த ரகுவின் மேல் விழுந்தது. ஒவ்வொரு வாரமும் என்னை ஏற்றிவருவது அவர்தான். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நான் என் வசனத்தைச் சொல்ல, கணவன் வசனத்தை அவர் எடுத்துக்கொடுப்பார். வீட்டில் வாய் திறக்காத மனிதர் காரில் பத்திபத்தியாகப் பேசினார், எல்லாம் குணா அண்ணனுடையது. "எல்லா வசனமும் மனப்பாடம் லா அப்பாவுக்கு" என்று மகி காட்டிக்கொடுத்தாள். பிள்ளையாக நடிக்க ஏற்கெனவே அவளைப் பிடித்து வைத்திருந்தார் அக்கா. "குடும்பமே வந்தாச்சு, இனி சாப்பாட்டுப் பொட்டலம்கூட ஒன்னாவே அனுப்பலாம்" என்று அக்கா குதூகலித்தார். வசனம் மறந்தாலும் பெயராவது மறக்காமல் இருக்கட்டும் என்று எங்கள் சொந்தப் பெயரையே கதாபாத்திரங்களுக்கும் வைத்துவிட்டார். ரகு மறுத்துப் பார்த்தார். இங்கே மறுப்பதென்றால் தட்டில் இருப்பதை முழுங்கிவிட்டு மறுக்க வேண்டும், அதற்குள் அளவெடுத்துச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

அரங்கேற்றம் கிள்ளானில் ஒரு சங்க மண்டபத்தில். தலைமை தாங்க ஒரு டத்தோவை அழைத்திருந்தார்கள். டத்தோ என்பது இங்கே அரசு தரும் பட்டம், பட்டம் உள்ளவர் வராமல் விளக்குகூட ஏற்றக் கூடாது என்பது எழுதாத சட்டம். காத்திருந்து காத்திருந்து, பிள்ளைகள் நாற்காலிகளின் மேல் ஓட ஆரம்பித்ததும் மங்களம் அக்கா துணிந்து திரையை விலக்கிவிட்டார். நாடகம் நன்றாகவே போனது. கூட்டம் எங்களோடு கூடவே பேசியது. நான் கைப்பேசியை எடுத்தால், "வை கீழ!" என்று முன்வரிசை ஆன்டி அதட்டினார். ரகு சமையலில் உப்பு இல்லை என்றதும், "நீ போய் ஆக்குடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஊரில் இப்படி நடந்தால் நடிகர் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். எனக்கோ சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

கடைசிச் சண்டை வந்தது. இடப்பக்கம் சாப்பாட்டு மேசையருகே நான், வலப்பக்கம் வாசற்கதவருகே பெட்டியோடு ரகு, நடுவில் நாற்காலியில் மகி. ரகு திரும்பி, "சொல்லு சுபா, உனக்கு என்னதான் வேணும்?" என்றார். 'வாரத்துல ஒரு நாள் லீவு வேணும்' என்பது என் பதில். மண்டபமே சிரிக்க வேண்டிய இடம். நான் மூச்சை இழுத்தேன். அந்த நொடியில் வாசலில் உறுமி மேளம் முழங்கியது.

டத்தோ வந்துவிட்டார். மேளக்காரர்கள் முன்னால் வர, கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு எங்களுக்கு நடுவில் ஓடிவந்து, "சண்டைக்கு ஒரு சின்ன இடைவேளை!" என்றார். மங்களம் அக்கா திரையோரத்திலிருந்து 'அசையாதே' என்று கை காட்டினார். அசையவில்லை. டத்தோ மேடையேறினார், மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது, புகைப்படம் எடுத்தார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பரிசுக்கூடை வைத்தார்கள். நாங்கள் மூவரும் முறைத்தது முறைத்தபடி எல்லாப் புகைப்படங்களிலும் பின்னால் இருக்கிறோம்.

டத்தோ பேச ஆரம்பித்தார். பெரியவர், சாந்தமான முகம். பேச்சின் நடுவே திரும்பி ரகுவைப் பார்த்தார். "தம்பி, வாசல்லயே கேட்டுச்சு. கோவத்துல பொட்டி தூக்கக் கூடாதுப்பா. பிள்ள பாத்துக்கிட்டு இருக்குல்ல" என்றார். அறிவிப்பாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். "தெரியும்லா, நாடகம்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தத் தங்கச்சி மூஞ்சியப் பாருங்க. அதுவா நாடகம்?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது. அவர் பேசி முடிக்கும்வரை நான் ரகுவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வருடத்தில் நாங்கள் கைப்பேசி இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. எப்போது வந்ததென்று எனக்குத் தெரியவில்லை.

டத்தோ கீழே போய் உட்கார்ந்து, "நடத்துங்க நடத்துங்க. தங்கச்சி என்னா சொல்லப் போவுதுன்னு கேப்போம்" என்றார். ரகு விட்ட இடத்திலிருந்து எடுத்தார். "சொல்லு சுபா, உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்குத் திரும்பிப் போக வேணாம், ரகு."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. ரகு ஒரு கணம் சுங்கை பூலோவுக்கும் திருச்சிக்கும் நடுவில் தடுமாறியது எனக்குத் தெரிந்தது. பெட்டியை இறுக்கிப் பிடித்தார். "மகிக்காகத்தான் சொல்றேன். புரிஞ்சுக்க மாட்டேங்கறியே" என்றார். "நானும் மகிக்காகத்தான் சொல்றேன்" என்றேன். திரையோரத்தில் மங்களம் அக்கா கையிலிருந்த தாள்களைப் படபடவென்று புரட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மகிக்கு இருந்த வசனம் 'எனக்கு மிலோ வேணும்' என்பது. அவள் நாற்காலியை விட்டு இறங்கினாள்.

"அப்பா, ஒங்களுக்குப் போகணும்னா ஒங்களுக்குப் போகணும்னு சொல்லுங்க லா. அம்மாவுக்கு இருக்கணும்னா அம்மாவுக்குன்னு சொல்லட்டும். ஏன் ரெண்டு பேரும் என் பேர எடுக்குறீங்க?"

உறையூரில் தோசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை இத்தனை வருடம் கழித்து எழுந்து நின்று பேசியதுபோல் இருந்தது. நான் பேசாததை என் மகள் பேசிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. முன்வரிசை ஆன்டிகூட வாயை மூடிக்கொண்டார்.

ரகு பெட்டியைக் கீழே வைத்தார். "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றார். "எங்கப்பா தனியா இருக்காரு. நேரங்கெட்ட நேரத்துல போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கு சுபா." அவர் அழுதார். நானும்தான். "எனக்கு இங்க இருக்கணும். அங்க நான் மகளு, மருமக. இங்கதான் எனக்கு சுபான்னு ஒரு பேரு இருக்கு" என்றேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. மங்களம் அக்காவுக்கும் தெரியாததால் விளக்கை அணைத்துவிட்டார். முதலில் எழுந்து நின்று கைதட்டியவர் டத்தோ. இரண்டாவது லெச்சுமி அக்கா. குணா அண்ணன் அவர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் திருச்சியிலிருந்து மாமனாரின் வீடியோ அழைப்பு. சங்கத்துக்காரர்கள் ஃபேஸ்புக்கில் நேரலை விட்டிருக்கிறார்கள், மனிதர் முழுதும் பார்த்திருக்கிறார். நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, அவர் என்ன சொல்வாரோ என்று நின்றோம். "எல்லாரையும்விட அந்த மாலை போட்டுக்கிட்டு வந்தவருதாம்மா பிரமாதம். எவ்வளவு இயல்பான நடிப்பு!" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "நீயும் பரவாயில்ல. அழுத இடம் மட்டும் கொஞ்சம் ஓவர்" என்றார். அழைப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் சோபாவில் விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்து, கைப்பேசிகளை அப்பால் வைத்துவிட்டு, மகியின் பெயரை எடுக்காமல் ஒரு மணி நேரம் பேசினோம். முடிவு ஒன்றும் வரவில்லை. முடிவு சொல்ல ரகு அலுவலகத்தில் ஆறு மாதத் தவணை கேட்டார், கொடுத்தார்கள்.

ஆனால் மங்களம் அக்கா எங்களைச் சும்மா விடுவதாக இல்லை. அன்று நாங்கள் பேசியதையெல்லாம் நேரலையைப் பார்த்து அப்படியே எழுதி, புதிய கடைசிக் காட்சி என்று கையில் கொடுத்துவிட்டார். "இதுதான் முடிவு. மாத்தாதீங்க" என்றார். சுங்கை பூலோவில் கூப்பிட்டார்கள், காஜாங்கில் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் ரகு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார், நான் இருக்க வேண்டும் என்றேன். ஒரு பாதி அவருக்குக் கைதட்டியது, மறுபாதி எனக்குக் கைதட்டியது. நாடகம் முடிந்ததும் ஆன்டிகள் என்னைத் தனியாக அழைத்து, "விட்டுக் குடுக்காத" என்று சொல்லி வடை கொடுத்தார்கள். ரகுவுக்கு அங்கிள்கள் கொடுத்தார்கள்.

போன மாதம் செமினியில் நாடகம். தவணை முடிய இன்னும் சில வாரம்தான். அந்த வாரம் என் தங்கை திருச்சியில் புதுவீடு புகுந்தாள். பால் பொங்கியதைக் கைப்பேசியில் பார்த்தேன்; அப்புறம் நாள் முழுக்க அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ரகுவை அதே வாரம் எங்கள் அடுக்குமாடிப் பூப்பந்துக் குழுவுக்குத் தலைவராக்கியிருந்தார்கள். புதுச் சட்டையைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசிக் காட்சி. மகி தன் வசனத்தைச் சொல்லி முடித்தாள். ரகு பெட்டியைக் கீழே வைத்தார். அவர் பேச வேண்டும். அவருக்கு முன்னால் என் வாய் திறந்துகொண்டது.

"எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

ரகு என்னைப் பார்த்தார். அவருடைய வசனத்தை நான் எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் இருந்தது என்னுடையது மட்டும்தான். "எனக்கு இங்க இருக்கணும்" என்றார். "இங்கதான் எனக்கு ஒரு பேரு இருக்கு." குரல் உடைந்தது. அதில் நடிப்பு துளியும் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னுடையதிலும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மகி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மங்களம் அக்கா இந்த முறை விளக்கை அணைக்கவில்லை. நான் மேசையை விட்டு நடந்து போய்ப் பெட்டியைத் தூக்கினேன். ரகுவும் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளே வர வேண்டும், நான் வெளியே போக வேண்டும், பெட்டி ஒன்றுதான். வாசலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில், ஆளுக்கொரு கையால் அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.